நூல்கண்டு கால் கிலோ

"சட்டையப் போட்டுட்டாரும்மா" என்று கலைவாணன் சமையல்கட்டு வாசலில் வந்து நின்று சொன்னான்.

"எந்தச் சட்ட?"

"கடைக்குப் போற சட்டதான். நீலக் கோடு போட்டது. செருப்பத் தேடிக்கினு இருக்காரு."

அஞ்சலாட்சி கரண்டியைக் கஞ்சிப் பாத்திரத்தின் மேலேயே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். "செருப்ப நான்தான் கட்டிலுக்கு அடியில தள்ளி உட்டேன்."

"அதுக்காவ நிக்கற ஆளா அவரு? வெறுங்காலோட கெளம்பிடுவாரு."

"இன்னிக்கி ஒரு நாளு, நாளைக்கி ஒரு நாளு. ரெண்டு நாளத் தாண்டிட்டாப் போதும்டா. அதுக்கப்பறம் நானே பக்கத்துல ஒக்காந்து பக்குவமாச் சொல்லிடுவேன்."

"பதினஞ்சி நாளா இதையேதாம்மா சொல்ற."

"சொல்றவ கஷ்டம் ஒனக்கு இன்னாடா தெரியும். மெல்லப் பேசு."

நெல்லித்தோப்பில் இருந்த அந்த வீட்டில் பதினைந்து நாளாக எல்லோரும் மெல்லத்தான் பேசினார்கள். பெரிய மார்க்கெட்டில் காய்கறி மண்டி வைத்திருக்கும் ராஜாங்கத்துக்கு, ஐப்பசி அடைமழையில் ஒரு நாள், கோஸ் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது இடது தோளிலிருந்து வலி இறங்கியது. ஆஸ்பத்திரியில் இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், உப்பைக் குறைக்கணும், மாடிப்படி ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டுக் கடைசியாக, "மனசுக்கு அதிர்ச்சியா எதுவும் வராமப் பாத்துக்கங்கம்மா, ஒரு மாசத்துக்காவது" என்றார். அஞ்சலாட்சி உப்பைக்கூட அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. கடைசியாகச் சொன்னதைத்தான் முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்த நாலாம் நாள் பகல் பதினோரு மணிக்குப் பாகூரிலிருந்து போன் வந்தது. ராஜாங்கத்தின் அக்கா சின்னப்பொண்ணு, கத்திரிக் கொல்லையில் தேங்கிய மழைத் தண்ணீரை வெட்டிவிடப் போனவள், மண்வெட்டியோடு வரப்பிலேயே விழுந்து இறந்துபோனாள். கூடத்தில் உட்கார்ந்து சப்பென்றிருந்த இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்த ராஜாங்கம், "யாரு போன்ல?" என்று கேட்டார்.

"ராங் நம்பருங்க" என்றாள் அஞ்சலாட்சி.

வாயில் வந்தது அதுதான். வந்த பிறகு அதைத் திருப்பி எடுக்க வழியில்லை. வில்லியனூரில் ஒரு காதுகுத்து என்று அவரிடம் சொல்லிவிட்டு, பாயில் கிடத்தியிருந்த நாத்தனாரைப் பார்க்க மகனோடு பாகூருக்குப் போனாள். "காதுகுத்துன்னு சொல்லிட்டு எழவுக்குப் போனவ இந்த ஊர்லயே நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்" என்று போகும் வழியெல்லாம் மகனின் முதுகுக்குப் பின்னால் அழுதுகொண்டே போனாள். திரும்பும்போது, அரியாங்குப்பத்தில் தெரிந்தவர்கள் வீட்டில் குளித்து, வேறு புடவை கட்டிக்கொண்டு, ஒரு பெட்டிக் கடையில் லட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். காதுகுத்துக்குப் போனவள் வெறுங்கையோடு வர முடியாது. ராஜாங்கம் அந்த லட்டில் பாதியைத் தின்றார்.

நாளைக்குப் பதினாறாம் நாள் கருமாதி. இன்றைக்கென்று பார்த்து அவருக்கு மண்டி நினைப்பு வந்துவிட்டது.

ஆட்டோ ரங்கப்பிள்ளை வீதியில் நின்றபோது மணி எட்டரை. விடிகாலை வியாபாரம் முடிந்து, ஓட்டல்காரர்களும் ஆஸ்டல்காரர்களும் மூட்டை ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். வழியெல்லாம் கோஸ் இலையும் சேறுமாக மிதிபட்டுக் கிடந்தது. வெங்காயத் தோல் ஈரத்தில் ஊறி ஒரு புளித்த வாடை. ராஜாங்கம் அதை மூச்சுப் பிடித்து இழுத்தார்.

"இந்த வாசன இல்லாம மனுசன் எப்பிடிடி பொழைப்பான்?"

"அழுவுன வெங்காயம்ங்க அது."

"அழுவுனதும் வேணும் அஞ்சலே. அது இருந்தாத்தான் நல்லது தெரியும்."

கலைவாணன் கல்லாவைத் துடைத்து நாற்காலி போட்டுவிட்டு, தட்டாஞ்சாவடியில் தக்காளி லாரி நிற்கிறது என்று சொல்லிக் கிளம்பினான். உண்மையில் அவன் போனது துணிக்கடைக்கு. நாளைக்கு அத்தை மகன் விஜயராகவனுக்குத் தாய்மாமன் வீட்டு வேட்டியும் துண்டும் போட வேண்டும். தாய்மாமன் இடத்தில் நின்று அவன்தான் போட வேண்டும்.

அஞ்சலாட்சி ஒரு காலி மூட்டையை மடித்துப் போட்டு, கணவனுக்கும் வாசலுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டாள். அக்கம்பக்கத்துக் கடைகளுக்கு அவள் முன்னாடியே சொல்லி வைத்திருந்தாள். எலுமிச்சைக் கடைக்காரர், வாழைத்தார் இறக்குகிறவர்கள், டீ கொண்டுவருகிறவன் வரைக்கும் விஷயம் தெரியும். தெரிந்ததால் யாருக்கும் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "வாங்கண்ணே" என்றார்கள், உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

முல்லா வீதியில் பிரியாணிக் கடை நடத்தும் அஃப்சல் வந்தான். இருபது வருஷ வாடிக்கை.

"கத்திரிக்கா இன்னா வெலண்ணே?"

"எம்பது."

"சரிண்ணே. பத்து கிலோ போடுங்க."

ராஜாங்கம் அவனை நிமிர்ந்து பார்த்தார். "எம்பதுன்னேன்."

"கேட்டிச்சிண்ணே."

"மழையில நனஞ்ச காயிடா. நேத்து அறுவத்தஞ்சிக்குப் போயிருக்கு. நானு எம்பதுன்னா நீ காம்பத் தூக்கிப் பாப்ப, மோந்து பாப்ப, ரெண்ட ஒடச்சி உள்ள வெத முத்திப் போச்சிம்ப, அம்பதுல ஆரம்பிப்ப. இன்னா, பேரம் பேச மறந்துட்டியா?"

"ஒடம்பு சரியில்லாத மனுசங்கிட்ட பேரம் பேசுனா எங்கூட்டுக்காரி சோறு போட மாட்டாண்ணே."

"ஒன் சோத்துக்கு நான் பொறுப்பா? அறுவத்தஞ்சி குடு, போ."

"எம்பதே இருக்கட்டும்ண்ணே" என்று பணத்தை வைத்துவிட்டு அஃப்சல் பையோடு ஓடாத குறையாகப் போனான்.

ராஜாங்கம் மனைவி பக்கம் திரும்பினார். "காத்தாலருந்து மூணு பேரு வந்தாங்க. மூணு பேரும் சொன்ன வெலைக்கு வாங்கிக்கினு போறாங்க. எங்கூட்ல இன்னா எழவா உழுந்துடுச்சி?"

"வாயக் கழுவுங்க. மரியாதைக்குப் பேசாமப் போறாங்க."

"மண்டியில இன்னாடி மரியாத? காயத் தொட்டுத் திட்டுனாத்தான் அதுக்கு மரியாத."

காயின் மரியாதையைப் பற்றி அவர் பேசினால் அஞ்சலாட்சிக்கு அந்தப் பழைய சண்டைதான் நினைவுக்கு வரும். நாலு வருஷத்துக்கு முன்னால் இதே இடத்தில், இதே மாதிரி ஒரு கார்த்திகையில்தான் அக்காவுக்கும் தம்பிக்கும் பேச்சு அறுந்தது. சின்னப்பொண்ணு கொல்லையில் விளைந்த கத்திரிக்காய் இருபத்தைந்து வருஷமாகத் தம்பி மண்டிக்குத்தான் வந்துகொண்டிருந்தது. அன்றைக்கு அவளே வேனில் ஏறி நாலு மூட்டையோடு வந்து இறங்கினாள். ஓட்டல்காரர்கள் சுற்றி நின்றார்கள். ராஜாங்கம் எல்லா மூட்டையையும் கொட்டிப் பார்ப்பது போல அதையும் கொட்டினார். காம்புக்குக் கீழே ஊசி குத்தின மாதிரி ஓட்டை. ஒன்றை உடைத்தார், உள்ளே புழு. இன்னொன்று, அதுவும் அப்படித்தான். "ரெண்டாந்தரம், பாதி வெல" என்று எப்போதும் கத்துகிற குரலில் கத்திவிட்டார்.

"பத்து பேருக்கு எதுர்லயாடா சொல்லுவ?" என்றாள் சின்னப்பொண்ணு.

"காயச் சொன்னேன்க்கா. ஒன்னயா சொன்னேன்?"

"காயி வேற, நானு வேறயா? ராவும் பகலும் அதுங்கூடக் கெடந்தவ நானு. உள்ள கூட்டிக்கினு போய்ச் சொல்லி இருந்தியானா, நானே கொட்டிட்டுப் போயிருப்பேன்."

"வாங்கறவங்க நின்னுக்கினு இருக்காங்க. இன்னிக்கி ஒனக்காவ ஒண்ண மறச்சா நாளைக்கி எவன் என்ன நம்புவான்?"

"நம்பட்டும். நல்லா நம்பட்டும்" என்று சொல்லி அவள் காயை மறுபடியும் மூட்டையில் அள்ளிப் போட்டுக்கொண்டு, வந்த வேனிலேயே போய்விட்டாள். அதற்குப் பிறகு பாகூர்க் காய் இந்த மண்டிக்கு வரவில்லை. நல்லது கெட்டதுக்கு அஞ்சலாட்சி மட்டும் போய் வந்தாள். ராஜாங்கம் ஒவ்வொரு பொங்கலுக்கும், "இந்தத் தடவ போலாம்" என்பார். அப்புறம், "அவதான் பெரியவ, ஒரு வார்த்த கூப்புடட்டுமே" என்பார்.

மணி பத்தாகிவிட்டது. அஞ்சலாட்சி மாத்திரை டப்பாவைத் திறந்துகொண்டிருந்தபோது சமையல் காண்ட்ராக்டர் கோவிந்தராசு டி.வி.எஸ். வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார். பருத்த உடம்பு, தோளில் ஈரத் துண்டு, வாயில் வெற்றிலை. ஒரு ரெண்டு வருஷமாகத்தான் இந்த மண்டியில் சரக்கு எடுக்கிறார்; பாகூர் அக்காவைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது.

"அடடே, மொதலாளி வந்தாச்சா. பையன் இருந்தா எழுதிக்கினு சரின்னுடுவான், சண்ட போட ஆளில்லாம எனக்கு வாயே மரத்துப் போச்சி."

ராஜாங்கத்தின் முகத்தில் காலையிலிருந்து முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. "வாய்யா. நீயாச்சும் வந்த. ஒக்காரு. இன்னா வேணும்?"

"பாகூர்ல ஒரு வேல. நாளைக்கி எலயில நூத்தம்பது பேரு."

அஞ்சலாட்சியின் கையிலிருந்து ஒரு மாத்திரை நழுவித் தரையில் உருண்டது. "கோவிந்தராசு, கலை இப்ப வந்துடுவான். நீ ஒரு டீயக் குடிச்சிட்டு வாயேன்" என்றாள்.

"டீ குடிச்சிட்டுத்தாம்மா வரேன்."

"அவருக்கு மாத்தர போட்ற நேரம்."

"போடட்டுமே. நானா வேணாங்கறேன்."

"நீ படிய்யா" என்றார் ராஜாங்கம். "எனக்குக் கண்ணாடி இல்லாமத் தெரியாது."

கோவிந்தராசு சட்டைப் பையிலிருந்து நோட்டுத்தாள் ஒன்றை எடுத்துப் பிரித்தார். "வாழக்கா அறுவது. அவரக்கா எட்டு கிலோ. கொத்தவர அஞ்சி. பரங்கிக்கா பதினஞ்சி. சேன ஆறு…"

"கெட்டதா?"

"எப்டித் தெரிஞ்சிச்சி?"

"உருளையும் பட்டாணியும் காலிபிளவரும் சொன்னியானா கல்யாணம். முழுக்க நாட்டுக் காயாச் சொல்ற. கருமாதிதான?"

"கருமாதிதான். வெலயச் சொல்லு."

"அவர தொண்ணூறு. கொத்தவர அறுவது."

"கருமாதிக் காய்க்கு ஒரு நாயம் வேணாமா? அவர எழுவது போடு."

"மழ பேஞ்சி பூவெல்லாம் கொட்டிப் போச்சிய்யா. பூவு நின்னாத்தான கொடியில காயி வரும், கொடியில வந்தாத்தான மண்டிக்கி வரும். எம்பத்தஞ்சி."

"எழுவத்தெட்டு."

"எம்பத்தி மூணு. அதுக்குக் கீழன்னா வேற கடையப் பாரு."

"சரி, மூச்சு வாங்காத, எம்பத்தி மூணு. அடுத்தது பாரு." கோவிந்தராசு தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். "இந்தக் கூத்தக் கேளு. அந்தூட்டுப் பொண்ணு ஒண்ணு, ஏழாவது படிக்குதோ எட்டாவது படிக்குதோ, அதுதான் எழுதிக் குடுத்திச்சி. காயிப் பட்டியல்ல நடுவால, நூல்கண்டு கால் கிலோன்னு எழுதியிருக்கு. நூல்கண்டாம், கால் கிலோவாம். மால கட்றதுக்கா, பந்தல் கட்றதுக்கா? எந்த ஊர்லய்யா நூல எட போட்டு விக்கிறான்?"

ராஜாங்கம் சிரிக்கவில்லை. கையை நீட்டி அந்தத் தாளை வாங்கினார். கண்ணாடி இல்லாமல் தள்ளிப் பிடித்து, கிட்டே பிடித்து, மறுபடியும் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். நீல மையில் உருண்டை உருண்டையான எழுத்து.

அது நூல் இல்லை. அது அவருக்கும் அஞ்சலாட்சிக்கும் தெரியும். அக்கா வீட்டை விட்டால் உலகத்தில் வேறு யாருக்கும் தெரிய நியாயமில்லை. ராஜாங்கத்துக்கு ஆறு வயசும் அக்காவுக்குப் பத்தும் இருந்தபோது, பிறந்த ஊரான கிருமாம்பாக்கத்திலிருந்து மார்க்கெட்டுக்கு வண்டி ஓட்டிப் போன அப்பா, வெளிறிய பச்சையில் உருண்டையாக ஒரு காயைக் கொண்டுவந்தார். இங்கிலீஷ் காய், பேர் நூல்கோல் என்றார். அக்கா காதில் நூல்கண்டு என்று விழுந்தது. உள்ளே நூல் சுற்றியிருக்கும் என்று சொல்லி, தம்பியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, அரிவாள்மணையில் சுற்றிச் சுற்றிச் சீவிக்கொண்டே போனாள். நூல் வரவில்லை. கடைசியில் சுண்டைக்காய் அளவு மிஞ்சியதை ரெண்டாகக் கடித்துத் தின்றார்கள். அன்றையிலிருந்து அந்தக் காயென்றால் அவளுக்கு உயிர். கல்யாணமாகிப் போன பிறகும் அவள் வாயில் அது நூல்கண்டுதான். புகுந்த வீட்டிலும் எல்லோரையும் அப்படியே சொல்ல வைத்துவிட்டாள். அவள் காய் மூட்டையோடு வரும்போதெல்லாம், "இந்தா ஒன் நூல்கண்டு" என்று தம்பி ரெண்டு எடுத்துப் பையில் போட்டு அனுப்புவார்.

"அது நூலு இல்ல கோவிந்தராசு" என்றார் ராஜாங்கம். "நூல்கோலு."

"கருமாதிக்கு எவன்யா நூல்கோலு கேப்பான்? அதுவும் கால் கிலோ?"

"கால் கிலோன்னா பந்திக்கு இல்ல. படையலுக்கு. செத்தவங்களுக்குப் பிடிச்சது."

"அட, ஆமாம். அப்டித்தான் இருக்கும். ஒனக்கெப்டித் தெரியும் நூல்கோலுன்னு?"

"காயி விக்கிறவனுக்குத் தெரியாதா?" குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அஞ்சலாட்சி அந்தக் குரலையே உற்றுக் கேட்டுக்கொண்டிருந்தாள். "யாரு செத்தது? ஆம்பளயா, பொம்பளயா?"

"ஒரு அம்மா. ஊட்டுக்காரரு இருக்காரு, பூவும் பொட்டுமாப் போய்ட்டாங்க. கொல்லையில தண்ணி வெட்டி உடப் போனவங்க வரப்புலயே உழுந்துட்டாங்களாம். மம்புட்டி கையிலயே இருந்திச்சாம்."

"கோவிந்தராசு" என்றாள் அஞ்சலாட்சி. "காய எடுத்துக்கினு கெளம்பு. மழ வருது."

"மழ வந்தா நனயறேன், கரஞ்சா போவப் போறேன்? இரும்மா. நல்ல மனுசியாம்ண்ணே. ஊரே சொல்லுது. ஆனா பாரு, பொறந்த வூட்டு ராசி இல்ல. கூடப் பொறந்தவன் ஒருத்தன் இங்க டவுன்லதான் இருக்கானாம், பெரிய கடையாம். எட்டிக்கூடப் பாக்கலியாம். பையனத்தான் அனுப்பிச்சி கோடித்துணி போட்டானாம்."

ராஜாங்கம் தாளை மடித்தார். "ஒடம்பு சரியில்லாம இருந்திருக்கும்."

"அப்டித்தான் அவன் பொண்டாட்டி வந்து சொன்னாளாம். யாரு நம்புவா? நடக்க முடியாதவன்னா நாலு பேரு தூக்கிக்கினு வர மாட்டாங்களா? கூடப் பொறந்தவ மொகத்தக் கடசியா ஒரு தடவ பாக்கறதுக்கு ஒரு மனுசனுக்கு இன்னா வருது? ஏதோ காயி வெலத் தகராறாம். அத மனசுல வச்சிக்கினு சாவுக்கு வராதவன் இன்னா சென்மமோ."

"இன்னா சென்மமோ" என்றார் ராஜாங்கமும்.

அஞ்சலாட்சி கீழே விழுந்த மாத்திரையைத் தேடுவது போலக் குனிந்துகொண்டாள். நிமிர முடியவில்லை.

அதற்குப் பிறகு ராஜாங்கம் நாற்காலியில் இருக்கவில்லை. மூட்டை தூக்குகிறவர் அவரைக்காய் மூட்டையைத் தராசுக்கு இழுத்தபோது, "அப்டியே போடாத, கொட்டு" என்றார். தரையில் சாக்கை விரித்துக் கொட்டச் சொல்லி, குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு கைப்பிடியாக எடுத்துப் பார்த்தார். மழைப்புள்ளி விழுந்ததைத் தள்ளினார், முற்றினதைத் தள்ளினார், விரல் நகம் இறங்குகிற பிஞ்சாக எட்டுக் கிலோ சேர்த்தார். வாழைக்காயில் காம்பு கறுத்ததை எடுத்தார். பரங்கிக்காயைத் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டார்.

"குந்தக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு" என்றாள் அஞ்சலாட்சி.

"படி ஏறக் கூடாதுன்னுதான் சொன்னாரு."

கோவிந்தராசுக்கே சங்கடமாகிவிட்டது. "இவ்ளோ பாக்க வேணாம்ண்ணே. கருமாதிச் சோத்துல காயி முத்தலா பிஞ்சான்னு எவன் பாக்கப் போறான்?"

"நீ பேசாம நில்லு."

கடைசியாக மலைக்காய் மூட்டைகள் பக்கம் போனார். நூல்கோல் அரை மூட்டை இருந்தது. பெரிதாகப் பளபளவென்று மேலே கிடந்ததையெல்லாம் ஒதுக்கிவிட்டு, கையை அடியில் விட்டு, இலைக்காம்பு வாடாத சின்னக் காயாக ரெண்டு எடுத்தார். நகத்தால் அடியைக் கீறிப் பார்த்தார். நார் ஓடவில்லை. தராசில் வைத்தபோது இருநூற்று எழுபது கிராம் காட்டியது. தனியாக ஒரு காகிதப் பையில் போட்டு, கோவிந்தராசு கையில் கொடுத்தார்.

"இத மூட்டையோட போட்றாத. நசுங்கிடும். வண்டி முன்னால மாட்டிக்க."

"ரெண்டு நூல்கோலுக்கு முன் சீட்டா? சரி, மொத்தம் இன்னாச்சி?"

ராஜாங்கம் தராசுத் தட்டைத் துடைத்தார். காசு வேண்டாம் என்றால் அது கோவிந்தராசுக்குத்தான் லாபம். பாகூருக்கு அந்த வார்த்தை போய்ச் சேராது. தன் பேரைச் சொல்லி அனுப்பலாம் என்றால், எந்த வாயால் சொல்வது? கோவிந்தராசு பேசியதைக் கேட்டுக்கொண்டு நின்ற வாய் அது.

"பேசுன வெலதான்" என்றார். "எம்பத்தி மூணுன்னா எம்பத்தி மூணு."

வண்டி போன பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, அஞ்சலாட்சி நீட்டிய மாத்திரையை வாங்கி விழுங்கினார். "வூட்டுக்குப் போலாம்" என்றார். அவ்வளவுதான். ஆட்டோவில் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் ஒன்றும் கேட்கவில்லை. தெரிந்துவிட்டதா என்று கேட்டால் தெரிந்துவிடும். கேட்காமல் இருந்தால், பாகூரில் நூல்கோல் பிடித்த வேறொரு அம்மா இருந்திருக்கலாம், வரப்பில் விழுந்த வேறொரு அம்மா. அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு அவள் நெல்லித்தோப்பு வரைக்கும் வந்துவிட்டாள்.

மத்தியானம் ரசம் சாதம் சாப்பிட்டார். வழக்கமாக உப்பில்லை என்று ரெண்டு வார்த்தை திட்டுவார். இன்றைக்குத் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். தூங்கவில்லை. தூங்கினால் குறட்டை வரும்.

நாலு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. அஞ்சலாட்சி சர்க்கரை போடாத டீயைக் கொண்டுவந்து கட்டில் பக்கத்து முக்காலியில் வைத்தாள். பதினைந்து நாளாக யோசித்து வைத்திருந்த சாக்கை இப்போதே சொல்லிவிட வேண்டும்.

"நாளைக்கி நானும் கலையும் வீராம்பட்டினம் போய்ட்டு வந்துடறோம்ங்க. நீங்க ஆஸ்பத்திரியில கெடந்தப்ப அம்மனுக்கு மாவெளக்கு போடறதா வேண்டிக்கினேன்."

"சரி."

"காத்தால போனா சாய்ங்காலம் ஆயிடும். சோறு ஆக்கி வச்சிட்டுப் போறேன்."

"சரி. போய்ட்டு வாங்க."

அவள் மூச்சு விட்டாள். தம்ளரை அவர் கைக்கு எட்டுகிற மாதிரி நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தாள். வாசற்படி வரைக்கும் போயிருப்பாள்.

"வரும்போது கொல்லப்பக்கமா வா" என்றார் ராஜாங்கம். சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வெந்நீர் போட்டு வெக்கிறேன். குளிச்சிட்டு உள்ள வா."

"கோயிலுக்குப் போய்ட்டு வந்து யாராச்சும் தல முழுவுவாங்களா?"

"நீ முழுவு."

அஞ்சலாட்சி நின்றாள். திரும்பி வந்து கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். மழை சன்னல் தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

"மொகம் எப்டி இருந்திச்சி?" என்று கேட்டார்.

"தூங்கறாப்ல இருந்திச்சி. நெத்தியில மட்டும் சின்னதா ஒரு காயம். வரப்புல பட்டது."

"கோடி?"

"கலை போட்டான். அரக்குக் கலரு. நேரு வீதியில எடுத்தோம். எல்லாரும் நல்ல பொடவன்னாங்க."

"அக்கா அரக்கு கட்டாது. மயிலுக் கழுத்துக் கலரு கேக்கும்."

"எனக்குத் தெரியலியே. ஒங்களத்தான் கேட்டிருக்கணும்."

அவர் இந்தப் பக்கம் திரும்பிப் படுத்தார். கண் காய்ந்திருந்தது. "விஜயராகவன் இன்னா சொன்னான்?"

"மாமா வர்லியா அத்தன்னு கேட்டான். ஆப்ரேசன் ஆனதச் சொன்னேன். மாத்தரச் சீட்டக்கூடக் கொண்டும்போயிருந்தேன், காட்டுனேன். அவன் வாங்கிப் பாக்கல. உள்ள போய்ட்டான்."

"சீட்டக் காட்டுனியா?"

"வேற எதக் காட்றது?"

அவள் அவர் கையைப் பிடித்தாள். "நாளைக்கி நீங்களும் வாங்க. ஆட்டோ வச்சிக்கலாம், மெல்லப் போலாம். டாக்டருக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். எங்க வேணா நானே எழுந்து நின்னு சொல்றேன், நான்தான் மறச்சேன், அவருக்கு ஒண்ணும் தெரியாதுன்னு. நூத்தம்பது பேருக்கு எதுர்ல சொல்றேன்."

"மொகத்தப் பாக்காதவன் பதினாறாம் நாளு போயி எலயில ஒக்காரறதா?"

"வேட்டியாச்சும் நீங்க போடலாமில்ல."

"கலையே போடட்டும். அவனத்தான அங்க பாத்திருக்காங்க."

"நான் பாவிங்க. ராங் நம்பருன்னு சொல்லிட்டேன். அன்னிக்கே சொல்லி இருந்தா…"

"அன்னிக்கே சொல்லி இருந்தா போயிருப்பேன். போயிப் பொணத்துக்கிட்டத்தான பேசியிருக்க முடியும்?" ராஜாங்கம் எழுந்து உட்கார முயன்றார். அவள் முதுகுக்குத் தலையணை வைத்தாள். "நீ மறச்சது பதினஞ்சி நாளு, அஞ்சலே. நானு நாலு வருசம் போவல. இருவது கிலோமீட்டரு. டவுன் பஸ்ஸு கால் மணிக்கு ஒண்ணு ஓடுது."

டீ ஆறி மேலே ஏடு கட்டியிருந்தது.

"புழு இருந்திச்சிடி" என்றார். "நான் பொய் சொல்லல. நெஜமாவே புழு இருந்திச்சி."

"இருந்திச்சிங்க. நானும் பாத்தேன்."

"உள்ள கூப்புட்டுச் சொல்லியிருக்கலாம்."

"ஆமாங்க."

ராஜாங்கம் உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டார். கை நெஞ்சுக்குப் போனது, ஸ்டென்ட் வைத்த பக்கம் எது என்று தேடுகிற மாதிரி. பிறகு, பள்ளிக்கூடப் பிள்ளை வாத்தியாரிடம் வெளியே போகக் கேட்பது போல அவளைப் பார்த்துக் கேட்டார்.

"அழுதா ஒண்ணும் ஆயிடாதில்ல?"

அஞ்சலாட்சி கட்டிலில் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். சட்டைப் பொத்தானைக் கழற்றி, உள்ளங்கையை அவர் இடது மார்பில் வைத்து அழுத்திக்கொண்டாள். கைக்கு அடியில் அது வேகமாக அடித்துக்கொண்டிருந்தது.

"ஆவாது" என்றாள். "மெல்ல அழுவுங்க."